வெறும் எழுத்து

அந்த மெயிலின் அமைப்பை உருவாக்கக் கௌரிக்கு மூன்று வாரம் பிடித்தது. மேலே கம்பெனியின் பச்சை இலைச் சின்னம், அதன் கீழே எஸ்டேட்டின் பெயர், பிறகு கட்டம் கட்டிய அட்டவணை. தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் எஸ்டேட்டில் காடு என்று பெயர், அதற்கு ஓர் எண். கொழுந்து பறிக்க வேண்டிய காட்டின் எண் பச்சை நிறத்தில் இருக்கும். மருந்து அடித்து மூடிவைத்த காட்டின் எண் சிவப்பில் இருக்கும். அட்டவணைக்கு அடியில் ஒரே ஒரு வரி எப்போதும் மாறாமல் நிற்கும்: சிவப்பில் உள்ள காடுகளுக்குள் யாரும் நுழையக் கூடாது.

கம்பெனியின் தலைமை அலுவலகம் பாலக்காட்டுக்கு அருகே கஞ்சிக்கோட்டில், தேயிலைத் தூளைப் பொட்டலம் போடும் ஆலையின் மேல்மாடியில் இருந்தது. எஸ்டேட்டுகள் ஐந்தும் தூரத்தில், பீர்மேட்டு மலைப் பக்கம். ஐந்துக்கும் சேர்த்து ஒரே மானேஜர். மறுநாள் எந்தெந்தக் காட்டில் என்ன வேலை என்பதை அவர் மலையில் ஜீப்பில் சுற்றிக்கொண்டே போனில் சொல்வார். கௌரி அதைத் தொகுத்து மாலை நான்கு மணிக்குள் முப்பது பேருக்கு அனுப்புவாள். புது மெயில் வந்த பிறகு சூப்பர்வைசர்கள் காடு மாறிப் போவது குறைந்திருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

முதல் வாரமே ஒரு பதில் வந்தது. அனுப்பியவர் கூடாரப்பாறை எஸ்டேட் ஆபீசில் டெலிபோனும் மெயிலும் பார்க்கும் ஏசுதாஸ். எட்டு வயதில் வந்த காய்ச்சலில் அவருக்குப் பார்வை போய்விட்டது. எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பி.ஏ. வரை படித்து, பதினான்கு வருடமாக அந்த நாற்காலியில் இருந்தார். கம்ப்யூட்டரில் உள்ள ஒரு குரல் மெயிலை அவருக்கு வாசித்துக் காட்டும். அதைக் கேட்டு, மெயில் எட்டாத காட்டில் இருக்கும் அந்த எஸ்டேட்டின் மூன்று சூப்பர்வைசர்களுக்கும் போன் போட்டு மறுநாள் வேலையைச் சொல்வார்.

அவர் எழுதியிருந்தது சில வரிகள்தான். "மேடம், வணக்கம். புது மெயில் வந்தது. என் கம்ப்யூட்டர் எழுத்தை மட்டும்தான் வாசிக்கும். படமும் கலரும் அதற்குத் தெரியாது. ஒரு எழுத்தைக் கோடு போட்டு அடித்திருந்தாலும் அடிக்காதது போலவே வாசிக்கும். முன்பு போல வெறும் எழுத்தில் அனுப்பினால் உதவியாக இருக்கும்."

மாதக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. கணினிப் பிரிவில் இருந்த ஸ்ரீஜித் ஏசுதாஸின் பக்கம் நின்றான்.

"வெறும் எழுத்துன்னா எந்த மெஷின்லயும் திறக்கும், எந்த லைன்லயும் போகும். மலைல மழைக் காலத்துல நெட் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். இலைப் படம் இறங்கறதுக்குள்ள கொழுந்து முத்திப் போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். கௌரி சிரிக்கவில்லை.

"முப்பது பேர் பார்க்கறா. ஒரு பார்வைல புரியணும். கலர் இருந்தா புரியறது, தப்பு குறைஞ்சிருக்கு. ஒருத்தருக்காக எல்லாருக்கும் மொட்டையா அனுப்ப முடியுமா?"

அவள் சொன்னதும் உண்மைதான். கடைசியில் ஏசுதாஸுக்கு மட்டும் தனியாக, வெறும் எழுத்தில் ஒரு மெயில் போடுவது என்று முடிவாயிற்று. கௌரி ஒப்புக்கொண்டாள். நான்கு மாதம் தவறாமல் போட்டாள். பிறகு அவளுடைய மாமியாருக்கு ஆபரேஷன் நடந்தது, பத்து நாள் லீவில் போனாள். திரும்பி வந்தபோது வேலை குவிந்திருந்தது. அந்த இரண்டாவது மெயில் முதலில் ஒரு நாள் விட்டுப்போயிற்று, பிறகு வாரத்தில் இரண்டு நாள், அப்புறம் நின்றே போனது.

ஜூன் மாதத்தில் ஒரு மாலை ஏசுதாஸ் போன் செய்தார். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை.

"மேடம், இன்னைக்கு வந்த மெயில்ல ஒரு சந்தேகம். நாலாம் நம்பர்ல பச்சையா செவப்பான்னு..."

கௌரியின் மேசையில் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. "ஏசுதாஸ், முப்பது பேர்ல இருபத்தொம்பது பேருக்குப் புரியறது. உங்க ஆபீஸ்ல கண்ணு தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்களே, அவங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. தினமும் இப்படிக் கூப்பிட்டா நான் எப்போ என் வேலையைப் பார்க்கறது?"

"சரிங்க மேடம்," என்றார் ஏசுதாஸ். அதன் பிறகு அவர் கூப்பிட்டதே இல்லை.

நவம்பரில், கல்பாத்தித் தேருக்கு முதல் நாள், புதன்கிழமை. கௌரியின் வீடு கல்பாத்தியில். வீடு நிறைய விருந்தாளிகள் வரவிருந்தார்கள். மூன்று மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று மறுநாளைக்கான மெயிலை இரண்டு மணிக்கே முடித்து வைத்திருந்தாள். இரண்டே முக்காலுக்கு மானேஜரின் போன் வந்தது. வியாழன் இரவிலிருந்து பெருமழை என்று சொல்கிறார்கள், அதனால் கூடாரப்பாறை ஏழாம் நம்பர் காட்டுக்கு மருந்தை இன்று மாலையே அடித்துவிடுகிறோம், நாளை கொழுந்துக்கு ஏழு வேண்டாம், ஒன்பது போதும் என்றார்.

அட்டவணையில் வியாழக்கிழமைக்கு எதிரே ஏழு என்று இருந்தது. வாரத் தொடக்கத்தில் அனுப்பிய பட்டியலிலும் ஏழுதான். மாறியிருப்பது கண்ணில் பட வேண்டும் என்று கௌரி ஏழை அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். அதைச் சிவப்பாக்கினாள். பக்கத்தில் பச்சையில் ஒன்பது என்று போட்டாள். பார்த்தால் குழந்தைக்குக்கூடப் புரியும்.

அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது ஏசுதாஸின் நினைவு வந்தது. அவருக்குத் தனியாக ஒரு வரி போட வேண்டும் என்று தோன்றியது. மணியைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் லீவு. பதினொரு மணிக்குத் தெருவில் தேர் பார்க்கும் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது ஆறுச்சாமி கூப்பிட்டார். அவர் கம்பெனியின் பணியாளர் பிரிவுக்கு மானேஜர், கொழிஞ்சாம்பாறைக்காரர். சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் கௌரி ஒரு சந்துக்குள் ஒதுங்கினாள்.

"கௌரி, நேத்து அனுப்புன மெயிலுல கூடாரப்பாறைக்கு எந்தக் காடுங்க போட்டிருந்தீங்க?"

"ஒன்பது. ஏன் சார்?"

"ஏழுக்குள்ள ஆளு போயிருச்சுங்க. நேத்து சாயங்காலம் அடிச்ச மருந்து எலையில அப்படியே ஈரமா இருந்திருக்குது. நாலு பொம்பளைங்க மயங்கி உழுந்துட்டாங்க. ஒருத்தருக்கு ரொம்ப மோசமுங்க, கோட்டயத்துக்குக் கொண்டுட்டுப் போறாங்க."

மருந்து அடித்தவர்கள் ஏழாம் நம்பர் காட்டுக்குக் கீழ்ப்பாதையில் மட்டும் சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். பெண்கள் மேல்பாதை வழியாக இறங்கியிருந்தார்கள். விடிகாலை மூடுபனியில் வாடையைக்கூட அவர்கள் முதலில் கவனிக்கவில்லை. மூன்று பேர் மாலைக்குள் தெளிந்துவிட்டார்கள். நான்காவது பெண்ணின் பெயர் கத்தரீனாள், வயது ஐம்பத்திரண்டு. அவர் ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறுச்சாமி கௌரியின் மேசைக்கு வந்தார். "அந்த மெயிலக் கொஞ்சம் தொறங்க."

திறந்தாள். ஆறுச்சாமியும் வேறு இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அடித்த ஏழும் அதன் பக்கத்தில் பச்சை ஒன்பதும் பளிச்சென்று தெரிந்தன.

"தெளிவாத்தானுங்க இருக்குது," என்றார் ஆறுச்சாமி. "அந்த ஏசுதாஸ் ஏழும் ஒம்பதும்னு சூப்பர்வைசருக்குச் சொல்லியிருக்காரு. கண்ணில்லாதவரு கையில இந்த வேலையக் குடுத்து வச்சதே தப்புங்க. நானே ரெண்டு தடவ சொன்னேன்."

வாயைத் திறந்தால் போதும் என்று கௌரிக்குத் தெரிந்தது. அவர்கள் பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு பழைய மெயில்களில் தேடி, ஏசுதாஸ் எழுதிய அந்தச் சில வரிகளைக் கண்டுபிடித்தாள். கோடு போட்டு அடித்திருந்தாலும் அடிக்காதது போலவே வாசிக்கும். கீழே அவளுடைய பதில் இருந்தது: "கவனித்துக்கொள்கிறேன்." இரண்டையும் அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் இடத்துக்கும் போய் அங்கிருந்தும் அழித்தாள். இதையெல்லாம் ஒரு சாதாரண ஆபீஸ் வேலை போலச் செய்து முடித்தாள். அதுதான் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளைப் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் கிளம்பிப் போனார்கள். கௌரி தன் லேப்டாப்பில் வாசிக்கும் குரலை இயக்கி, புதன்கிழமை மெயிலைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டாள். குரல் அவசரமில்லாமல் வாசித்தது. படம். படம். வியாழன். கொழுந்து. ஏழு ஒன்பது. சிவப்பில் உள்ள காடுகளுக்குள் யாரும் நுழையக் கூடாது.

மறுபடி வாசிக்க வைத்தாள். நான்காவது முறை ஓடும்போது அவள் கணவன் அமர்நாத் உள்ளே வந்தான்.

"என்னது இது, ஏழு ஒன்பது, ஏழு ஒன்பதுன்னு?"

சொன்னாள். மெயிலை அழித்ததை மட்டும் சொல்லவில்லை.

"சாரமில்லை, விடு," என்றான் அவன். "நீ வேணும்னா பண்ணினே? ஆத்துல இத்தனை வேலை, அவசரம். யாருக்கும் ஆகக்கூடியதுதான்."

"வேணும்னு பண்ணலை, அமர். ஆனா எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. தெரிஞ்சிருந்தது."

"அந்த மனுஷனுக்கும் ஒரு போன் பண்ணிக் கேக்கணும்னு தோணியிருக்க வேண்டாமா?"

கௌரி எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

அடுத்த இரண்டு வாரமும் அவள் ஆபீசுக்குப் போனாள், மெயில் அனுப்பினாள். ஏசுதாஸை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். கத்தரீனாள் பிழைத்துக்கொண்டார் என்று செய்தி வந்த அன்று கௌரி ஆபீஸ் கழிவறையில் போய் அழுதாள். பிழைத்துவிட்டார், இனி பேச வேண்டிய அவசியம் இல்லை என்று ஒரு நினைப்பு அந்த அழுகைக்குள்ளேயே வந்தது. அதை நினைத்தவள் தான்தான் என்பதை அவளால் சகிக்க முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பதினாறாம் நாள் ஆறுச்சாமி சொன்னார்: "நாளைக்குக் கூடாரப்பாறைக்குப் போறமுங்க. ஏசுதாஸ் தன் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா கேஸு முடிஞ்சுதுங்க. வேலைய விட்டு அனுப்ப வேண்டாம், கேட்டுல காவலுக்கு உக்கார வச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. மெயில் அனுப்புனவிங்கன்னு நீங்களும் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடோணும்."

விடியும் முன்பே கம்பெனிக் காரில் கிளம்பினார்கள். முண்டக்கயம் தாண்டி மலை ஏறும்போது ஆறுச்சாமி பின்சீட்டில் உறங்கிவிட்டார். கௌரியின் மடியில் அந்தக் கடிதம் ஓர் உறைக்குள் இருந்தது.

எஸ்டேட் ஆபீசில் ஏசுதாஸ் ஏற்கெனவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை. இத்தனை வருடத்தில் கௌரி அவரை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. காலடி கேட்டதும் எழுந்து நின்றார்.

ஆறுச்சாமி விஷயத்தைச் சொன்னார். ஏசுதாஸ் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"போடுறேன் சார். கேட்டுலயும் இருக்கேன். ஆனா என்ன எழுதியிருக்குன்னு தெரியாம போட முடியாது. பேப்பர்ல இருக்கிறத என் கம்ப்யூட்டர் வாசிக்காது. யாராவது வாசிச்சுக் காட்டுனா நல்லது."

ஆறுச்சாமி உறையைக் கௌரியின் பக்கம் நகர்த்தினார். "வாசிங்க."

கடிதம் மலையாளத்தில் இருந்தது. கௌரி வாசிக்கத் தொடங்கினாள். தேதி, எஸ்டேட்டின் பெயர், பதவி. குரல் சீராகத்தான் வந்தது. பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மெயிலை வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. அன்று வந்த மெயிலில் ஏழு என்ற எண் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்ததை நான் கவனிக்கத் தவறி...

"அடிச்சிருந்துச்சா?" என்றார் ஏசுதாஸ்.

கௌரி நிறுத்தினாள்.

"ஏழை அடிச்சிருந்துச்சா மேடம்?"

"ஆமா."

அவர் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். "எனக்கு யாரும் சொல்லலையே. மெயில்ல ஒம்பதுதான் இருந்துச்சு, நீ எப்படி ஏழுன்னு சொன்னேன்னுதான் எல்லாரும் கேட்டாக. பதினேழு நாளா நான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். குரல் ஏழுன்னு சொல்லுச்சே, இல்ல நானாக் கேட்டுக்கிட்டேனா, எனக்குக் காதும் போயிருச்சான்னு. என் கம்ப்யூட்டரையும் எடுத்துட்டுப் போயிட்டாக, திரும்பக் கேட்டுப் பாக்கவும் வழியில்ல." தலையை நிமிர்த்தினார். "அப்ப நான் கேட்டது சரிதான்."

கடிதத்தில் இன்னும் நான்கு வரிகள் இருந்தன. கௌரி அதை மடித்தாள்.

"சார், இதுல இவர் கையெழுத்துப் போடக் கூடாது," என்றாள் ஆறுச்சாமியிடம். "கோடு போட்டு அடிச்சா அவரோட மெஷினுக்குத் தெரியாது. ஒரு வருஷம் முன்னாடியே எனக்கு எழுதியிருந்தார். நானும் பதில் போட்டேன். தனியா வெறும் எழுத்துல அனுப்பறேன்னு கூட்டத்துல ஒத்துண்டேன், அப்புறம் நிறுத்திட்டேன். அன்னிக்கு அனுப்பறப்போ ஞாபகமும் வந்தது. வந்தும் அனுப்பலை."

ஆறுச்சாமி அவளையே பார்த்தார். "அந்த மெயில் எங்கீங்க?"

"அழிச்சுட்டேன். நீங்க வந்து பார்த்துட்டுப் போன அன்னிக்கே."

"எங்கிட்ட இருக்கு சார்," என்றார் ஏசுதாஸ். "அனுப்புனது, வந்தது எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்ல வச்சிருக்கேன்."

"அப்புறம் அதையச் சொல்லியிருக்கோணுமுல்லங்க?"

"நான் தப்பாக் கேட்டுட்டேன்னுல்ல நெனச்சேன். அதுக்கு இந்த மெயில் எதுக்கு?" ஏசுதாஸ் முழங்காலில் இருந்த கைகளைக் கோத்துக்கொண்டார். "இன்னொண்ணும் இருக்கு. செவப்புல உள்ள காட்டுக்குள்ள போகக்கூடாதுன்னு வாசிச்சுது. எது செவப்புன்னு கேக்கலாம்னு போனக் கையில எடுத்தேன். கொழுந்து எடுக்கச் சொல்ற எடத்துல எப்படிச் செவப்பு இருக்கும்னு நெனச்சுத் திருப்பி வச்சுட்டேன். கேட்டிருக்கணும். அது என் தப்புதான் சார்."

"அதையேனுங்க கேக்காம உட்டீங்க?"

ஏசுதாஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சொல்லமாட்டார் என்று கௌரிக்குப் புரிந்தது.

"நான்தான் கூப்பிடாதீங்கன்னு சொல்லியிருந்தேன்," என்றாள்.

"அப்பிடிச் சொன்னாலும் கூப்பிட்டிருக்கணும் மேடம். ஏழுக்குப் போனது எங்க அக்கா வேலை பாக்கிற கேங்."

கௌரிக்கு முதலில் விளங்கவில்லை. "யார் அக்கா?"

"கத்தரீனாள் எங்கூடப் பொறந்த அக்கா."

வெளியே கொழுந்து ஏற்றிய டிராக்டர் ஒன்று மேட்டில் முக்கிக்கொண்டு போனது. கௌரி மன்னிப்புக் கேட்க நினைத்தாள். கேட்டுவிட்டால் தனக்கு லேசாகிவிடும், அவருக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்ற, அப்படியே நின்றாள். கடைசியில், "உங்க அக்காவைப் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு வேண்டாம்," என்றார் ஏசுதாஸ்.

திரும்பி வரும்போது குட்டிக்கானத்தில் காரை நிறுத்தினார்கள். அங்கே டீ குடிக்க இறங்கியபோது, "இத்தன நாளு எப்படீங்க சும்மா இருந்தீங்க?" என்று ஆறுச்சாமி கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார்.

"தெரியலை சார். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தது."

திங்கட்கிழமை அவள் நடந்ததை எல்லாம் எழுதினாள். ஏசுதாஸின் மெயிலை அழித்ததையும் எழுதினாள். முப்பது பேருக்கும் அனுப்பினாள். சின்னம், கட்டம், நிறம் எதுவும் இல்லாத, ஒரு பக்கத்துக்கு மேல் வந்த மெயில் அது. சிலர் அதற்கு மேல் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஸ்ரீஜித் மட்டும் வந்து மேசைக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, "நானும் ஒரு தடவ சோதிச்சுப் பார்த்திருக்கலாம். கூட்டத்துல சண்டை போட்டதோட என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கம்பெனி கௌரியை வேலையை விட்டு அனுப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, கீழே பொட்டலம் போடும் பகுதியில் இருப்புப் பார்க்கும் இடத்துக்கு மாற்றினார்கள். ஏசுதாஸ் டிசம்பர் முதல் வாரத்தில் பழைய நாற்காலிக்குத் திரும்பினார். மெயிலை இப்போது ஸ்ரீஜித் அனுப்புகிறான். நாள், காட்டின் எண், போகக்கூடாத காட்டின் எண், மூன்றே வரிகள். ஒன்றும் பார்வையில் நிற்பதில்லை, பழைய மெயில்தான் நன்றாக இருந்தது என்று இரண்டு சூப்பர்வைசர்கள் குறை சொன்னதாக அவள் கேள்விப்பட்டாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கௌரி ஆபீசில் யாரிடமும் சொல்லாமல் பாலக்காட்டில் ரயில் ஏறி, கோட்டயத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் பீர்மேட்டுக்குப் போனாள். அங்கிருந்து ஜீப். அமர்நாத்திடம் மட்டும் காலையில் சொல்லியிருந்தாள். அவன், "போய் என்ன பண்ணப் போறே?" என்று கேட்டான்.

லயத்தின் கடைசி வீட்டு வாசலில் கத்தரீனாள் வெயிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, ஸ்வெட்டர். வலது கை மடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"நான் கஞ்சிக்கோடு ஆபீஸ்ல இருந்து வர்றேன். பேரு கௌரி. அந்த மெயிலை அனுப்பினது நான்தான்."

கத்தரீனாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டார். கௌரி உட்கார்ந்தாள்.

"என்னமோ கோடுன்னான் தம்பி. அது என்ன கோடு? காட்டுங்க பாப்போம்."

கௌரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஏழு என்று எழுதிக் குறுக்கே கோடு போட்டாள். பக்கத்தில் ஒன்பது எழுதிக் காட்டினாள். கத்தரீனாள் தாளை இடது கையில் வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"எனக்குப் படிப்பு அஞ்சாப்புதான். இத நான் பாத்திருந்தா ஏழு வேண்டாம்னு எனக்கே தெரிஞ்சிருக்கும்."

"ஆமா."

"அவனுக்குத்தான் தெரியாது."

"ஆமா. அது எனக்குத் தெரிஞ்சிருந்தது."

கத்தரீனாள் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அவனுக்குக் கண்ணு போனப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. அம்மா காட்டுக்குப் போயிரும். எல்லாம் நான் வாயால சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். படி இருக்குடா, பள்ளம் இருக்குடா, நாய் படுத்திருக்கு, சுத்திப் போன்னு. ஒரு தடவகூடச் சொல்லாம விட்டதில்ல. எனக்கு அலுப்பா இருக்குன்னு விட்டா அவன் விழுந்திருவான். உங்களுக்கு ஒரு வரி சொல்ல முடியலயாக்கும்?"

"முடியும்," என்றாள் கௌரி. "சொல்லலை."

அவளுக்குக் கண்ணீர் வந்தது. அந்த அம்மாவுக்கு எதிரே அழுவது இன்னொரு தப்பு என்று பட்டதால் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். கத்தரீனாள் அவளைத் தேற்றவில்லை. பேச்சை மாற்றவும் இல்லை.

"முப்பத்தோரு வருசம் கொழுந்து எடுத்த கை. இப்பப் பொத்தான் போட வரல. பிள்ளைங்களப் பாத்துக்கிற எடத்துல வேலை தாறேன்னு சொல்லியிருக்காக. போவேன். ஆனா அவன் ராவுல எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, 'நான் போனப் பண்ணியிருக்கணும்க்கா'ங்கிறான் பாருங்க, அதத்தான் என்னால கேக்க முடியல. அத நீங்க அவனுக்குச் சொல்லி மாத்த முடியும்னா சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மாதா கோயிலில் பூசை முடிந்து லயத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஏசுதாஸ் கோலைத் தட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று யார் வந்திருப்பது என்று கேட்டார். கௌரி பெயரைச் சொன்னாள்.

அவர் அக்காவின் பக்கம் திரும்பி, "சாப்பிடச் சொன்னியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பாலக்காட்டுல இருந்து வந்திருக்காக."

கத்தரீனாள் எழுந்தார். "கறிதான் வச்சிருக்கு. உங்களுக்கு ஆகாது. மோர் இருக்கு, ஊறுகா இருக்கு."

"அது போதும்," என்றாள் கௌரி.

உள்ளே மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். கத்தரீனாள் சோற்றைப் போடும்போது கரண்டி ஆடி, பாதி தட்டுக்கு வெளியே விழுந்தது. கௌரி கை நீட்டப் போனாள். அந்த அம்மா தலையை அசைத்து வேண்டாம் என்றார். கௌரி தரையில் சிந்தியதைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஏசுதாஸ்," என்றாள். "அன்னைக்கு நீங்க கூப்பிட்டிருந்தா நான் எடுத்திருக்க மாட்டேன். மூணு மணிக்கே ஆபீஸை விட்டுப் போயிட்டேன். போனையும் பைக்குள்ள போட்டுட்டேன். வீட்டுல ஆள் நிறைய இருந்தது. ராத்திரிதான் எடுத்துப் பார்த்தேன்."

அது உண்மைதான். இத்தனை நாளில் யாரும் கேட்காததால் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஏசுதாஸ் சாப்பிடுவதை நிறுத்தினார். "நெசமாவா மேடம்?"

"நிஜமா."

அவர் நம்பினாரா என்று கௌரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து மறுபடி சாப்பிடத் தொடங்கினார். கத்தரீனாள் மோர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல், கௌரியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.